உங்களுக்குத் தெரியுமா? எடைக்குப் போட்டவை எழுந்து நிற்கும் கதை

மாதக் கடைசியில் பழைய பேப்பரைக் கட்டி எடைக்குப் போடுகிறோம். அடுத்த நவராத்திரிக்குள் அதே தாள் செட்டியாராகவோ சரஸ்வதியாகவோ உருமாறி, கொலுப்படியில் வந்து உட்கார்ந்தாலும் ஆச்சரியமில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் குப்பை சிலையாவதும், சிலை மறுபடி வெறும் பொருளாவதும் காலங்காலமாக நடந்து வருகிறது. இங்கிருந்து கிளம்பி, ஊர் உலகமெல்லாம் ஒரு சுற்று சுற்றி வருவோமா?

வண்டிப்பாளையத்து வாசனை

கடலூர்க்காரர்களிடம் கொலு பொம்மை என்று சொன்னால் வண்டிப்பாளையம் என்பார்கள். இங்கே களிமண் பொம்மையோடு காகிதக் கூழ் பொம்மையும் செய்கிறார்கள். பழைய தாளைக் கிழித்து ஊறப்போட்டு, கூழாக்கிப் பிழிந்து, மாவுப் பசையும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்துப் பிசைய வேண்டும். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. இரண்டையும் ஒட்டி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, அதன்மேல் வர்ணம். கண் கடைசியில்தான் வரும்.

நாரின் ஞாபகம்

தாள் என்பது நார்களின் பின்னல். தண்ணீரில் ஊறினால் நார்கள் பிரியும். காய்ந்தால் ஒன்றையொன்று மறுபடி பற்றிக்கொள்ளும். பசை ஒத்தாசைக்குத்தான். தாளைத் திரும்பத் திரும்பக் கூழாக்கித் தாள் செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும். சில சுற்றுகளுக்குப் பிறகு நல்ல தாளுக்கு அது உதவாது. பொம்மைக்கோ குட்டை நார் ஒரு குறையே இல்லை. தாள் ஆலை கைவிட்டதையும் அச்சு ஏற்றுக்கொள்ளும்.

கரும்பும் கடவுளும்

கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை தொடங்கியது 1842-ல். சாறு பிழிந்தபின் மிஞ்சுவது சக்கை. அந்தக் கரும்புச் சக்கையிலிருந்தே தாள் செய்வதற்காகத் தமிழக அரசு 1979-ல் தொடங்கிய நிறுவனம்தான் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். ஆலை இருப்பது கரூர் மாவட்டத்தில். ஆக, வயலில் நின்ற கரும்பு சக்கையாகி, தாளாகி, செய்தியாகி, பழைய பேப்பராகி, கடைசியில் பொம்மையாகலாம். ஒரு பிறவிக்குள் ஐந்து பிறவி!

பக்கத்து ஊர்ப் பெருமை

புதுச்சேரியைச் சேர்ந்த திருக்கனூரின் காகிதக் கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் அந்தப் பெருமை கிடைத்திருக்கிறது. மண்ணும் பழைய தாளும்தான் மூலப்பொருள். விலை எல்லாம் விரலுக்கு.

வெள்ளிக் கடற்கரையில் கரையாத பிள்ளையார்

பிள்ளையார் சதுர்த்தி முடிந்ததும் கடலூர்ப் பிள்ளையார்கள் பலரும் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் என்றால் அங்கே ஒரு சிக்கல். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரை விரட்டினால் கிடைக்கும் மாவு அது. தண்ணீர் பட்டதும் மறுபடி ஜிப்சமாக இறுகிவிடும். கடலில் எளிதில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-ல் நெறிமுறை வகுத்தது; 2020 மே மாதம் அதைத் திருத்தி, இந்தச் சிலைகளுக்குத் தடை போட்டது. காகிதக் கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும் சேர்ந்த பிள்ளையார் நீரில் ஊறி நெகிழ்ந்துவிடுவார். உள்ளே கூழ் என்றாலும் மேலே பூசிய வர்ணம் எதுவென்றும் கேட்டு வாங்குங்கள்!

உடைபடப் பிறந்த அச்சு

சிதம்பரத்து ஆடவல்லானை உலகமே வெண்கல வடிவில்தான் அறியும். அந்த வார்ப்புக் கலையில் வீணாவது எது தெரியுமா? ஏறக்குறைய எதுவுமே இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடிப்பார்கள். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசுவார்கள். முதல் பூச்சில் உமிக்கரி சேரும். சூடேற்றினால் மெழுகு உருகி வழியும். பிடித்து வைத்தால் அடுத்த சிலைக்கு ஆகும். கடைசியில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். உமிக்கரி என்பது நெல் குத்திய பிறகு கழிந்த உமியைச் சுட்ட கரி. வண்டல் ஆறு கொண்டுவந்து ஒதுக்கியது.

உலைக்குப் போகும் அண்டா

செம்பு 1,085 டிகிரி செல்சியஸில் உருகும். அதை எத்தனை முறை உருக்கினாலும் செம்பு செம்புதான். தாள் நார்போலத் தேய்ந்து போகாது. அதனால் பழைய செப்புக் கம்பியும் ஓட்டை விழுந்த பித்தளை அண்டாவும் சிலை வார்க்கும் உலைக்குள் போவது புதிதல்ல. ஒரு தலைமுறை குளித்த வெந்நீர் அண்டாவுக்கு அடுத்த தலைமுறை கற்பூரம் காட்டலாம்.

பின்னமானால் என்ன செய்வது?

பழுதுபட்ட திருமேனியை வழிபாட்டிலிருந்து விலக்க ஆகம நூல்களில் முறைகள் உண்டு. சீர்ணோத்தாரணம் என்று அதற்குப் பெயர். மரமானால் நெருப்பில் சேர்ப்பது, கல்லானால் ஆழ்ந்த நீரில் இடுவது என்று பொருளுக்குத் தக்க வழி சொல்லப்பட்டிருக்கிறது. உலோகமானால் உருக்கி மறுபடி வார்ப்பதும் உண்டு. மறுசுழற்சிக்கு ஒரு மந்திரமும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

உடைந்த செங்கலின் உபயம்

கோபுரங்களில் நிற்கும் பூதங்களும் யாளிகளும் பெரும்பாலும் கல் அல்ல, சுதை. செங்கல்லில் உடம்பு கட்டி, சுண்ணாம்புச் சாந்தால் மூக்கு முழி வைப்பது. உடைந்த செங்கல்லை இடித்துச் சலித்த சுர்க்கித் தூளைச் சாந்தில் சேர்ப்பது பழைய வழக்கம். சுட்ட களிமண் பொடி சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் சாந்தை இறுக வைக்கும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கூடச் சேரும்.

சிலை அணையான கதை

இது தலைகீழ்க் கதை. சிதம்பரத்திலிருந்து மேற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய தலைநகர். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். கல் வேண்டும், பக்கத்தில் பாழடைந்த சோழர் கோயில். சுற்று மதிலின் கருங்கற்களைப் பெயர்த்து வண்டியேற்றினார்கள். ஊரார் மறுத்தார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் ஒழுங்காக நிறைவேறவில்லை. சோழச் சிற்பிகள் செதுக்கிய கற்கள் அணைக்கு வெறும் கட்டுக்கல் ஆயின.

கீழணைத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களை நனைக்கிறது. சென்னை வரைக்கும் குழாயில் போகிறது. உங்கள் சோற்றிலும் குடிநீரிலும் அந்த மதிலின் பங்கு இருக்கிறது. ஒருவர் கண்ணுக்குக் கோயில், இன்னொருவர் கண்ணுக்குக் கல் குவியல். குப்பை என்பதே பார்க்கிறவர் வைக்கும் பெயர்தானே!

கட்டைவிரல் உயரத்து ஆறுதல்

2004 டிசம்பர் 26 சுனாமி கடலூர்க் கரையைக் குதறிப் போட்டது. வடக்கே ஆரோவில் பக்கத்து மீனவக் கிராமங்களுக்கும் அதே கதி. அங்கே 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் பெண்களிடம் துணி வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளைத் தந்து பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தது. பிறந்தவள் 'சுனாமிகா'. கட்டைவிரல் உயரம்தான் இருப்பாள். விலை கிடையாது, பரிசாக மட்டுமே போவாள், நன்கொடையில் வாழ்வாள். லட்சக்கணக்கில் செய்து உலகமெங்கும் அனுப்பியிருக்கிறார்கள். கடலைப் பார்க்கவே பயந்த கைகளுக்கு முதலில் கிடைத்த வேலை, கழித்துப் போட்ட துணியில் ஒரு குழந்தையைத் தைப்பது.

முதல் சிற்பி யார்?

கழித்த பொருளில் உருவம் செய்வது மேல்நாட்டு மோஸ்தர் என்று நினைக்கிறீர்களா? கொல்லையில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மையைப் பாருங்கள். உடம்பு வைக்கோல், உடுப்பு தாத்தாவின் கிழிந்த சட்டை, தலை ஓட்டைச் சட்டி, அதில் சுண்ணாம்புப் புள்ளி. கட்டடத்தில் தொங்கினால் திருஷ்டி பொம்மை. கையெழுத்தில்லாத இந்தச் சிற்பிகளுக்கு யாரும் விருது கொடுத்ததில்லை. காக்கை மட்டும் மரியாதை கொடுத்திருக்கிறது.

சுட்டது திரும்பாது

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் அதைச் சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் உண்டு. பீங்கான் பொம்மை, அகல்விளக்கு, மின்சாரச் சாமான்கள் எல்லாம் சூளையேறி வருகின்றன. சுடுவதற்கு முன் உடைந்த பொம்மையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி களிமண். சுட்டபின் உடைந்தால்? களிமண்ணுக்குள் ஒட்டியிருந்த நீர் சூளையில் போய்விடுகிறது. அதன்பின் அது சேறாகத் திரும்பாது. பொடித்துப் புதிய மண்ணில் கலந்தால், காயும்போது விரிசல் விடாமல் தாங்கும். உடைந்த அண்ணன் தம்பிக்கு எலும்பாகிறான்.

நொண்டிக் குதிரைக்கும் மரியாதை

ஐயனார் கோயில் மண்குதிரைகளை யாரும் பழுது பார்ப்பதில்லை. நேர்த்திக்கடன் தீர்ந்தால் குதிரையின் வேலை முடிந்தது. காது உதிரும், கால் சாயும், வேர் பிளக்கும். அடுத்த புரவியெடுப்புக்கு ஊரார் குதிரை செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். பக்கத்தில் புதுக்குதிரை நிற்கும். பழையதை அப்புறப்படுத்தாமல் அப்படியே மண்ணாக விடுவது ஒரு கலை.

பேரீச்சம்பழப் பொருளாதாரம்

'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்ற குரல் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். காசு கைமாறாத மறுசுழற்சி அது. பழைய சாமான் வாங்கி விற்கும் இடத்துக்குக் காயலான் கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களை ஒட்டி வந்த பெயர் என்று சொல்வார்கள். இன்று இரும்பில் சிற்பம் செய்கிறவர்களுக்கு இதுதான் வர்ணக்கடை. சைக்கிள் செயின் முதுகெலும்பாகும், பேரிங் கண்ணாகும், ஸ்பார்க் பிளக் விரலாகும், ஏர்க்கொழு கழுகின் மூக்காகும்.

இருக்கையும் கைப்பிடியும்

1942. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ். பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து வைத்தார். காளைத் தலை! இரண்டே துண்டு, செதுக்கவே இல்லை. பின்னாளில் வெண்கலத்திலும் வார்க்கப்பட்டது. யாராவது அதை எடுத்து மறுபடி சைக்கிளில் மாட்டிக்கொண்டாலும் மகிழ்ச்சியே என்ற பொருளில் அவர் பேசியதுண்டு.

கார் ஆலையில் கற்ற கலை

பிக்காசோவுக்கு இரும்பு ஒட்டக் கைகொடுத்தவர் ஹூலியோ கொன்சாலஸ். முதல் உலகப்போர் காலத்தில் ரெனோ கார் ஆலையில் வேலை பார்த்தபோது வெல்டிங் கற்றவர். அதுவரை உலோகச் சிலை என்றால் வார்ப்பு அல்லது தட்டல். வெல்டிங் வந்தபின் கிடைத்ததைக் கிடைத்தபடி ஒட்டலாம் என்றானது. சென்னைக்குப் பக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், அவர் மகன் எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டிங்கில் இணைத்துப் பெயர் பெற்றார். பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டியே தெய்வ வடிவங்களை எழுப்பினார்.

ரோடு இன்ஸ்பெக்டரின் ரகசியம்

நேக் சந்த், 1924-ல் பிறந்தவர். பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். லெ கார்பூசியே வரைந்த புதுநகருக்காகப் பழைய கிராமங்களை இடித்த காலம். அந்த இடிபாட்டை நேக் சந்த் சைக்கிளில் அள்ளிக்கொண்டு போனார். 1957 முதல், யாரும் கட்டக்கூடாத அரசு வனத்துக்குள், வேலை முடிந்த மாலைகளில் ரகசியமாக ஒரு ராஜ்ஜியம் கட்டினார். உடைந்த வளையலில் நடன மங்கையர், கழிவறைப் பீங்கானில் சுவர், மின்சார பிளக்குகளில் வளைவு.

சுமார் 18 ஆண்டு கழித்து அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி பார்த்தால் இடிக்க வேண்டும். ஊர் மக்கள் விடவில்லை. 1976-ல் 'ராக் கார்டன்' எனத் திறந்தார்கள். சம்பளமும் ஐம்பது ஆட்களும் கொடுத்து வேலையைத் தொடரச் சொன்னார்கள். 1983-ல் தபால்தலை, 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறைந்தார். இடித்த வீடுகளில் உடைந்த வளையல்கள் இன்றும் அங்கே ஆடிக்கொண்டிருக்கின்றன.

33 ஆண்டு, இரண்டு கை

லாஸ் ஏஞ்சலஸில் சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை தன்னந்தனியாகக் கட்டியவை வாட்ஸ் கோபுரங்கள். இரும்புக் கம்பியில் வலை சுற்றி, சிமெண்ட் பூசி, உடைந்த ஓடு, பச்சை சோடா பாட்டில், கிளிஞ்சல் எல்லாம் பதித்தார். உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். வெல்டிங் இல்லை, சாரமும் இல்லை. ஆபத்து என்று நகராட்சி இடிக்கப் பார்த்தது. 1959-ல் 10,000 பவுண்டு விசை கொடுத்து இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசையவில்லை, இழுத்த கருவிதான் வளைந்தது.

150 டன் அதிசயங்கள்

டில்லி சராய் காலே கானில் 2019 பிப்ரவரியில் திறந்த பூங்காவில் ஏழு உலக அதிசயங்களும் பழைய இரும்பில் நிற்கின்றன. சுமார் 150 டன் சாமான்: கார் பாகங்கள், குழாய்கள், மின்விசிறிகள், கம்பிகள். ஆந்திரத்துத் தெனாலியிலோ நட்டும் போல்ட்டும் ஒட்டித் தலைவர் சிலை செய்வதையே தந்தையும் மகனும் தொழிலாக நடத்துகிறார்கள்.

துப்பாக்கி நாற்காலி

மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992-ல் முடிந்தது. ஊரெல்லாம் துப்பாக்கி. 1995-ல் அங்குள்ள கிறித்தவ சபைகள் ஒரு திட்டம் போட்டன: ஆயுதம் கொடு, தையல் இயந்திரமோ சைக்கிளோ மண்வெட்டியோ வாங்கிக்கொள். சேர்ந்த துப்பாக்கிகளை அறுத்துக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் எனப்படும் கிறிஸ்டோவாவ் கன்யவாட்டோ 2001-ல் செய்த 'ஆயுத அரியணை' இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரீச்சம்பழத்தின் இன்னொரு வடிவம்!

மூடியில் நெய்த பட்டு

கானாவில் 1944-ல் பிறந்த எல் அனட்சுய் மதுபாட்டில் மூடிகளைத் தட்டையாக்கி, செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கில் கோத்துச் சுவரளவு விரிப்பார். தூரத்தில் பார்த்தால் சரிகைப் பட்டு. வெனிஸ் கலைவிழா 2015-ல் அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் கொடுத்தது.

யாழ்ப்பாணத்து வீட்டுச் சாமான்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-ல் எரிக்கப்பட்டது. புதுப்பித்த அதே நூலகத்தில் 2004-ல் 'அகம் புறம்' கண்காட்சி. ஓவியர் தா. சனாதனன் வீடு வீடாகச் சேர்த்த அன்றாடப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். போர் மிச்சம் விட்டவை. எதையும் ஒட்டவில்லை, செதுக்கவில்லை. அவரவர் எதை எறிய மனமில்லாமல் வைத்திருந்தார்களோ, அதுவே வரலாறாக நின்றது.

கைபேசிப் பதக்கம்

டோக்கியோ ஒலிம்பிக்கின் ஏறத்தாழ 5,000 பதக்கங்களும் மக்கள் கொடுத்த பழைய மின்சாதனங்களிலிருந்து வந்தவை. சுமார் 62 லட்சம் கைபேசிகள் சேர்ந்தன. எல்லாச் சாதனங்களையும் பிரித்ததில் கிடைத்த தங்கம் 32 கிலோ. நீரஜ் சோப்ராவின் ஈட்டி வென்றதும் அந்தப் பதக்கத்தில் ஒன்றுதான்.

பட்டறைக்குப் போகுமுன்

நீங்களே செய்யப் போகிறீர்களா? துத்தநாகம் பூசிய பளபளக்கும் தகட்டை வெல்டிங் செய்யாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடால் ஒட்டினால் விரிசல் விடும். மூடிய டப்பா, பழைய பெட்ரோல் டாங்க் பக்கம் நெருப்பே வேண்டாம். கண்ணுக்கு வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கடலூரில் உப்புக்காற்று இரும்பைச் சீக்கிரம் தின்னும். துருவை உரசி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் பூசுங்கள். சிலையின் வயிற்றில் மழைநீர் தேங்காதபடி அடியில் ஒரு துளை போடுங்கள்.

கடைசியாக ஒரு தூக்கம்

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது வழக்கம். மறுநாள் ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றுவார்கள். வண்டிப்பாளையத்துக் காகித சரஸ்வதிக்கு மூக்கு உடையாமல் இருக்க எதைச் சுற்றுகிறோம்? பழைய பேப்பரை. அடுத்த ஆண்டு பெட்டியைத் திறக்கும்போது பொம்மையை எடுத்துப் படியில் வைப்போம். சுற்றிய தாளை எடைக்குப் போடுவோம். அதன் முறை இனிமேல்தான்.